ஆறாம் முடிச்சுக்கும் ஏழாம் முடிச்சுக்கும் நடுவே

1982 டிசம்பர் 22, புதன்: 1
1994 யூன் 12, ஞாயிறு: 61
1999 யூன் 13, ஞாயிறு: 24, 23, 1
1999 ஓகஸ்ட் 3, செவ்வாய்: 4
1999 செப்ரெம்பர் 2, வியாழன்: 3
1999 ஒக்ரோபர் 4, திங்கள்: 4
1999 நவம்பர் 3, புதன்: 4
1999 டிசம்பர் 2, வியாழன்: 4

இவை அருளையாவின் கொப்பியில் கடைசிப் பக்கத்தில் எழுதப்பட்ட எண்கள். காசுக் கணக்கென்று எவரும் நினைத்துவிட வேண்டாம். முதல் மூன்று வரிகளும் வாக்குகள். மிச்சம் எல்லாம் கயிற்றில் விழுந்த முடிச்சுகள்.

முதல் வரியில் உள்ள ஒன்று அவருடைய சொந்த வாக்கு. சர்வசன வாக்கெடுப்பு நாளில் போட்ட அந்தப் புள்ளடிக்குப் பிறகு அவர் எந்தச் சீட்டிலும் புள்ளடி போட்டதில்லை. ஆமென்ற விளக்குக்கா, இல்லையென்ற குடத்துக்கா என்று மனைவி சறோஜா அன்று இரவே கேட்டாள்.

"உம்மட்டைச் சொன்னாப் பிறகு அது ரகசிய வாக்கே?" என்றார்.

"எனக்குமோ?"

"உமக்கும்தான்."

1989 மார்ச் 17 அன்று அவள் கண்ணை மூடும்வரை அது அவளுக்குத் தெரியாது. அப்படியான மனிதர் அவர். யாழ்ப்பாணத்தில் தேர்தல் கந்தோரில் இருபத்தாறு வருடம் எழுதுவினைஞராக இருந்தவர். அச்சகத்திலிருந்து வரும் வாக்குச்சீட்டுக் கட்டுகளை எண்ணிப் பொறுப்பெடுப்பதும், சாவடிகளுக்குப் பிரித்துக் கொடுப்பதும், திரும்பி வந்ததை மறுபடி எண்ணுவதும் அவர் வேலை. இருபத்தாறு வருடத்தில் ஒரு சீட்டுக் கூடியதுமில்லை, குறைந்ததுமில்லை. அவரிடம் இருந்த ஒரே பெருமை அதுதான். அதையும் அவர் வெளியே சொல்லித் திரிந்ததில்லை.

பிள்ளைகள் இல்லை. வீட்டைப் பூட்டி, திறப்பைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு, தங்கையின் மகனோடு 1990 ஒக்ரோபர் 4 அன்று இத்தாலியில் பலெர்மோ வந்து இறங்கினார். வயது ஐம்பத்தொன்று. மருமகன் ஒரு வருடத்துக்குள் ஜெர்மனிக்குப் போய்விட்டான். அருளையாவுக்கு பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி இங்கே கிடைத்ததால் இங்கேயே நின்றுவிட்டார். மொண்டெல்லோக் கடற்கரைச் சாப்பாட்டுக் கடைகளில் நாலு வருடம் பானை கழுவினார். 1995 பெப்ரவரி 1 அன்று தொன் தானோவின் வீட்டுக்கு வேலைக்குப் போனார்.

தொன் தானோ ஐம்பது வருடம் வாள்மீன் பிடித்த கிழவர். மனைவி இல்லை. கண்களில் வெளிச்சமும் நிழலும் மட்டும் மிஞ்சியிருந்தன. அவரைக் குளிக்க வார்த்து, சமைத்துக் கொடுத்து, காலையில் பத்திரிகை வாசித்துக் காட்டி, அந்த வீட்டிலேயே படுத்து எழும்புவதுதான் அருளையாவின் வேலை. அவருடைய இத்தாலியன் கட்டை வண்டி போல இடறி இடறிப் போகும். கிழவர் சிரிக்க மாட்டார். பிழையான சொல்லை மட்டும் திருத்திச் சொல்லுவார். எந்நேரமும் கொப்பியில் எதையோ எழுதுகிறார் என்பதால் அருளையாவைப் 'புரொபெஸ்ஸோரே', அதாவது வாத்தியாரே, என்றுதான் கூப்பிடுவார். இந்த ஊரில் அருளையாவை ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது கூப்பிட்ட குரல் அந்த ஒன்றுதான்.

கிழவருக்கு இரண்டு மகன்மார். மூத்தவன் நீனோ, இளையவன் சாரோ. ஐரோப்பா வேண்டாம் என்று சொன்ன ஒரு கட்சியில் இருவரும் ஒன்றாகத்தான் இருந்தார்கள். 1994 இல் அந்தக் கட்சிக்கு அந்த வட்டாரத்தின் சாவடியில் விழுந்த வாக்குகள் அறுபத்தொன்று. பெரிய கட்சிகளுக்கு அது தூசி. ஆனால் வாள்மீனுக்கு நீளவலை போடுகிறவர்களின் குடும்பங்களை எண்ணிப் பார்த்தால் அறுபத்தொன்றுக்கு மேலே வராது. கிழவர் அந்த எண்ணைக் கரித்துண்டால் குசினிச் சுவரில் எழுதி வைத்திருந்தார்.

பிறகு வாள்மீன் வலைகளைக் கைவிடச் சொல்லி ஐரோப்பியத் தலைமையகமான பிரசெல்ஸிலிருந்து கட்டளை வந்தது. நீனோ வலையை ஒப்படைத்து, நட்டஈட்டை வாங்கி, வள்ளத்துக்கு வெள்ளைப் பெயின்ற் அடித்து, உல்லாசப் பயணிகளை ஏற்றத் தொடங்கினான். சாரோ ஒப்படைக்க மாட்டேன் என்று வலையைக் கராஜுக்குள் பூட்டி வைத்தான். கட்சியும் அதே கீறலில் பிளந்தது. நீனோ போன பக்கம் லிராக் கட்சி. அவர்களின் சின்னம் ஒரு லிரா நாணயம். ஐரோப்பாவோடு இருக்கலாம், காசு மட்டும் நம்முடையதாக இருக்கவேண்டும் என்பது அவர்கள் கதை. சாரோ போன பக்கம் தீவுக் கட்சி. அவர்களின் சின்னம் தீவும் வள்ளமும். ஐரோப்பாவை விட்டே வெளியேற வேண்டும் என்பது இவர்கள் கதை. பிரசெல்ஸைத் திட்டுவதற்கு இருவருக்கும் நேரமில்லாமல் போயிற்று. ஒருவரையொருவர் திட்டவே நாள் போதவில்லை.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அருளையா இரண்டு தடவை பாஸ்தா அவித்தார். மத்தியானம் நீனோ வருவான், பின்னேரம் சாரோ வருவான். கிழவர் இரண்டு தடவையும் அரைக் கோப்பை சாப்பிட்டு, இரண்டு மகன்மாருக்கும், "காலமை தொடக்கம் வயிறு காயுது" என்று சொல்லுவார். கழுவின கோப்பைகளை மத்தியானமே துடைத்து அடுக்கி வைத்துவிட வேண்டும் என்பது அருளையாவுக்கு அவர் போட்ட சட்டம்.

1999 ஈஸ்டர் அன்று சாரோ வாசலில் நின்று கத்தினான். "அப்பா அந்த நாணயத்துக்குப் புள்ளடி போட்டாரெண்டு தெரிஞ்சா, இந்தப் படியை நான் மிதிக்க மாட்டன்." அடுத்த ஞாயிறு நீனோ அதையே தீவைப் பற்றிச் சொன்னான். இரண்டு பேரும் பாதிப் பாதி காசு போட்டுத்தான் அந்த வீடு நடந்தது. ஒருவன் விலகினால் கிழவர் கன்னியாஸ்திரிகளின் முதியோர் இல்லத்துக்குப் போகவேண்டும் என்பது எப்போதோ பேசி முடித்த விஷயம். கிழவருக்குப் பயம் இல்லத்தைப் பற்றியல்ல. ஞாயிறுகளில் ஒருவனாவது வராமல் போய்விடுவானே என்பதுதான். அருளையாவின் பயமும் அதற்குப் பக்கத்தில்தான் இருந்தது. அந்த வீடு பூட்டப்பட்டால் அவரைக் கூப்பிட ஆளில்லை.

"வாக்குப் போடாமல் விட்டிடுங்கோவன்" என்று அருளையா சொல்லிப் பார்த்தார்.

"என்ரை வலையைப் பிடுங்கினவங்களுக்கு ஒரு குத்துக் குத்தாமல் நான் சாக மாட்டன்."

"அப்ப டொக்டரிட்டைக் கண் தெரியாதெண்டு எழுதி வாங்குவம். ஒரு மகன் உங்களோடை மறைப்புக்குள்ளை வந்து போட்டுத் தரலாம்."

"எந்த மகன்?"

அருளையா மேசையில் இருந்த கோப்பைகளை அடுக்கத் தொடங்கினார்.

"பாத்தியா" என்றார் கிழவர். "நீ வாறியா?"

"எனக்கு இஞ்சை வாக்கில்லை, தொன் தானோ. வாக்கில்லாத ஆள் உள்ளுக்கை வரேலாது."

"ஒன்பது வருசமா இஞ்சை வேலை செய்யிறவனுக்கு வாக்கில்லை. எனக்கு வாக்கிருக்கு, கண்ணில்லை. நல்ல சோடி."

பேசிக்கொண்டே கிழவர் மடியில் கிடந்த வலையைத் தடவினார். எவரும் கடலில் போடாத வலையைத்தான் அவர் அந்த நாட்களில் பின்னிக்கொண்டிருந்தார். கிழிந்த வலைக்கண்ணைத் தேடி அவருடைய பெருவிரல் முடிச்சு முடிச்சாக எண்ணிப் போனதை அருளையா பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வழி அங்கேயே கிடைத்துவிட்டது.

யூன் 9, புதன். கட்சிக்காரர் வீடு வீடாகக் கொடுத்த மாதிரிச் சீட்டுகளை அருளையா நம்பவில்லை. ஒவ்வொரு கட்சியும் தன் சின்னத்தைப் பெருப்பித்து அச்சடித்திருந்தது. மாநகரக் கிளைக் கந்தோரின் சுவரில் குத்தியிருந்த உண்மையான மாதிரிச் சீட்டைத் தேடிப் போனார். மர அடிமட்டத்தால் மூன்று தடவை அளந்தார். யன்னலுக்குப் பின்னால் இருந்த பெண், "உங்களுக்கு வாக்கிருக்கோ?" என்று கேட்டாள். இல்லை என்றார். "அப்ப என்னத்தை அளக்கிறீங்கள்?" என்று அவள் சிரித்தாள். அவர் நாலாம் தடவையும் அளந்தார்.

சின்னங்கள் வட்டம் வட்டமாக, ஒன்றுக்குக் கீழே ஒன்றாக, மூன்று நிரலில் இருந்தன. வீட்டுக்கு வந்து வலைநூலில் மூன்று கயிறு செய்தார், நிரலுக்கு ஒன்று. ஒவ்வொரு சின்னத்தின் நடுவுக்கும் ஒரு முடிச்சு. கயிற்றின் நுனியைச் சீட்டின் மேல் விளிம்பில் வைத்துப் பிடித்துக்கொண்டு, விரலால் முடிச்சை எண்ணிப்போய், நின்ற இடத்தில் புள்ளடி போட்டால் சரி. லிராவும் தீவும் இடது நிரலில் அடுத்தடுத்து நின்றன. லிரா ஆறாவது, தீவு ஏழாவது. ஒன்றை மட்டும் முடிந்து கொடுத்தால் அது வாக்காளருக்குப் பதிலாகத் தான் வாக்குப் போட்டது போலாகும் என்று நினைத்து, கிழவர் ஒருநாளும் போடப்போகாத கட்சிகளுக்கும் முடிச்சுப் போட்டார்.

வியாழக்கிழமை நீனோ அவரைக் குசினிக்குள் மறித்தான். "கயிறாம். அப்பா சொன்னார். ஆறை மட்டும் வைச்சிட்டு மிச்சத்தை அவிழ்த்துவிடு. அப்பாவுக்குக் குழப்பம் வராது."

"ஐயாவுக்கு எண்ணத் தெரியும், சின்யோர் நீனோ."

வெள்ளிக்கிழமை சாரோ வந்தான். அவன் இன்னும் நுணுக்கமாக யோசித்திருந்தான். "ரெண்டு விரல் அளவு கீழை இறக்கி முடி. அவர் ஆறெண்டு நினைச்சாலும் ஏழிலை விழும். ஆருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்" என்றார் அருளையா.

"நீ ஆருடா? வோட்டில்லாதவன்."

சாரோ போனபின் அருளையா கயிறுகளை எடுத்து, யாரும் தொட்டிருக்கிறார்களா என்று மறுபடி அளந்து பார்த்தார்.

யூன் 13, ஞாயிறு, காலை பத்து மணி. அருளையா கிழவரைப் பள்ளிக்கூட வாசல்வரை நடத்திக்கொண்டு போனார். கிழவர் மூன்று கயிற்றையும் தடவி, இரண்டை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒன்றைச் சட்டைப்பைக்குள் போட்டார். உள்ளே இரண்டு மகன்மாரும் தத்தம் கட்சியின் பிரதிநிதியாக உட்கார்ந்திருந்தார்கள். யார் யார் தங்களுக்குப் போடுவார்கள் என்ற பெயர்ப்பட்டியல் இரண்டு பேரின் சட்டைப்பையிலும் இருந்தது. தகப்பனின் பெயர் இரண்டு பட்டியலிலும் இருந்தது.

பன்னிரண்டு நிமிடத்தில் கிழவர் சுவரைத் தடவிக்கொண்டு வெளியே வந்தார்.

"குத்திட்டீங்களோ?"

"குத்திட்டன்."

எதற்கு என்று அருளையா கேட்கவில்லை. இரண்டு பேரும் கடற்கரையில் உட்கார்ந்து எலுமிச்சைச் சாற்றுப் பனிக்கூழான கிரனீத்தா குடித்தார்கள். கிழவர் கிளாஸின் அடியில் கிடந்ததையும் கரண்டியால் வழித்துச் சாப்பிட்டார்.

மறுநாள் காலை ஒன்பதே காலுக்குக் கதவு தட்டப்பட்டது. இரண்டு மகன்மாரும் ஒரே நேரத்தில் வாசலில் நின்றார்கள். நாலு வருடமும் நாலு மாதமும் அந்த வீட்டில் இருந்த அருளையா, வலைச் சண்டைக்குப் பிறகு இருவரையும் ஒன்றாகக் கண்டது அன்றுதான்.

"இருபத்திநாலு" என்றான் நீனோ.

"இருபத்திமூண்டு" என்றான் சாரோ.

"ஒண்டு தள்ளுபடி. எங்கடை ரெண்டு வட்டத்துக்கும் சரியா நடுவிலை புள்ளடி. ஒரு கோடு நீளம், ஒரு கோடு கட்டை. பென்சில் தாளைக் கிழிக்கப் பாத்திருக்கு" என்றான் நீனோ மறுபடி.

வலையின் மிதப்புக் கட்டைகளில் தொன் தானோ கத்தியால் வெட்டும் அடையாளம் அது. அந்தக் கட்டைகளை உருட்டி விளையாடி வளர்ந்த பிள்ளைகள் இருவரும். சீட்டை விரித்தவுடனேயே இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. இது எங்களுக்குப் போட்ட வாக்கு என்று இரண்டு பேரும் எழும்பி நின்று வாதாடியிருக்கிறார்கள். யாருடைய கை என்று வெளிப்பட்ட சீட்டு செல்லாது என்பதால், தகப்பனின் பெயரை மட்டும் வாய்விட்டுச் சொல்லாமல் வாதாடியிருக்கிறார்கள். தலைமை அலுவலர் சலித்துப்போய்ச் சீட்டைச் செல்லாத கட்டில் போட்டுவிட்டார்.

"இவன் கயிற்றை இறக்கி முடிஞ்சிருக்கிறான்" என்று நீனோ அருளையாவை நோக்கிக் கையை நீட்டினான். "நீதான் சொல்லிக் குடுத்திருப்பாய், சாரோ."

"இறக்கினதோ? ஏத்தி முடிஞ்சிருக்கிறான். நீ சொல்லிக் குடுத்து."

அருளையா கிழவரைப் பார்த்தார். கிழவர் யன்னலோரக் கதிரையில் இருந்தார். வலது கை சட்டைப்பைக்குள் இருந்தது. பைத் துணிக்கு உள்ளே விரல்கள் மெதுவாக நகர்வது தெரிந்தது. ஒன்று, இரண்டு என்று ஊர்ந்து, ஆறைத் தாண்டி, ஏழுக்கு முன்னால் நின்றன. திரும்ப வந்து அதே இடத்தில் மறுபடியும் நின்றன. அந்த விரலில் தடுமாற்றம் இல்லை. அருளையாவுக்கு விளங்கிவிட்டது. குத்தவேண்டியவர்களைக் குத்தி, இரண்டு மகன்மாரில் ஒருவனையும் இழக்காமல் இருக்க அந்தச் சீட்டில் இருந்த ஒரே இடத்தைக் கிழவர் தேடிப் பிடித்திருந்தார்.

கயிறு சரி என்று சொன்னால், பிழை கிழவருடையது என்றாகும். தகப்பன் இருவரையும் ஒதுக்கினார் என்று இருவரும் எழும்பிப் போவார்கள். ஒருவன் சொல்லிக் கயிற்றை மாற்றி முடிந்தேன் என்றால் மற்றவன் இனி ஒருநாளும் வரமாட்டான். மூன்றாவது ஒன்று இருந்தது. அதைச் சொல்ல வேண்டியவர் அருளையா. இருபத்தாறு வருடம் ஒரு சீட்டுத் தவறாத மனிதர்.

"ஆரும் எனக்குச் சொல்லித் தரேல்லை" என்றார். "நான் அளந்தது பிழைச்சுப்போச்சு. ஒன்றரைச் சென்ரிமீற்றர். என்ரை பிழை."

கிழவரின் வாய் திறந்தது. "புரொபெஸ்ஸோரே..."

"என்ரை பிழை, தொன் தானோ."

நீனோ தம்பியைப் பார்த்துச் சொன்னான். "நான் அண்டைக்கே சொன்னன், ஒரு வெளிநாட்டுக்காரன்ரை கையிலை உதைக் குடுக்காதேங்கோ எண்டு."

"எனக்கு நீ சொல்லவேணுமோ? எனக்கும் அது தெரியும்" என்றான் சாரோ.

மூன்று வருடத்தில் அவர்கள் ஒத்துக்கொண்ட முதல் விஷயம் அது. அதை ஒழுங்காகப் பேசி முடிக்க அடுத்த ஞாயிறு, யூன் 20, இரண்டு பேரும் மத்தியானமே வந்தார்கள். அருளையா ஒரு தடவைதான் பாஸ்தா அவித்தார். மூன்று கோப்பை வைத்தார். கிழவர் தன் கோப்பையை முழுதும் சாப்பிட்டார். யூன் 30 ஓடு அருளையாவை நிற்பாட்டுவது என்றும், பகலுக்கு மட்டும் ஒரு பெண்ணை வைப்பது என்றும் மேசையில் முடிவாயிற்று. பெட்டியைக் கட்டும்போது கிழவர் அவருடைய அறைவாசலில் வந்து நின்றார்.

"உன்ரை கயிறு சரியா இருந்தது" என்றார்.

"தெரியும்" என்றார் அருளையா.

பலெர்மோ நகருக்குள் ஒரேத்தோத் தெருவில் ஐந்தாம் மாடியில் ஒரு அறை கிடைத்தது. ஒரு யன்னல், ஒரு அடுப்பு, ஒரு மேசை. மூன்று கட்டடங்களின் படிகளைக் கழுவும் வேலை. ஆட்கள் வேலைக்குப் போனபிறகு படி கழுவ வேண்டும், அவர்கள் திரும்பி வருமுன் அது காய்ந்திருக்க வேண்டும். ஆகவே அந்தப் படிகளில் அவர் எவரையும் சந்திப்பதில்லை. யூலை மாதத்தில் எந்த நாளில் எத்தனை பேருடன் கதைத்தார் என்று கொப்பியில் குறித்துப் பார்த்தார். பதினொரு நாளில் பூச்சியம் இருந்தது. பிறகு அந்தக் கணக்கை விட்டுவிட்டார்.

ஓகஸ்ட் 3 அன்று ஒரு கடித உறை வந்தது. உள்ளே கடுதாசி இல்லை, வலைநூல் மட்டும். இருபது சென்ரிமீற்றர் நீளம், நாலு முடிச்சு. உறையில் இருந்த எழுத்து தமிழ் பழகிய கையின் இத்தாலியன் எழுத்து.

தொன் தானோ வீட்டில் இப்போது வேலை செய்கிறவள் மன்னார்ப் பெண் செலஸ்ரீனா என்று அவருக்குத் தெரியும். வியாழன் பின்னேரம் அவளுக்கு விடுமுறை. வுச்சீரியாச் சந்தையில் மீன்கடையடியில் அவளைப் பிடித்தார். கணவாயைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு கடைக்காரனோடு விலை பேசிக்கொண்டிருந்தாள்.

"ஓ, அருளையா அண்ணை! உங்கடை கயிறு இப்ப பலெர்மோ முழுக்கப் பேர்போனது தெரியுமோ? போன கிழமை கோயிலடியிலை ஒரு ஆள் வேட்டி நழுவப் பாத்து, அருளையாவின்ரை கயிறு குடுங்கோடா எண்டு பகிடி விட்டவராம்."

"உந்தக் கதையை விடும், பிள்ளை. உறையிலை விலாசம் எழுதினது நீர்தானே?"

"ஓம், நான்தான். கிழவர் முத்திரையும் வாங்குவிச்சு, விலாசத்தை மூண்டு தரம் சொல்லுவிச்சு, கடவுளே! கையிலை குடுத்தாக் கொண்டுபோய்த் தருவன்தானே எண்டன். இல்லையாம், தபாலிலைதான் போகவேணுமாம். எனக்கும் கடிதம் வந்திருக்கெண்டு ஒரு மனிசன் படியேறிப் போகவேணுமாம்."

அருளையா சட்டைப்பையிலிருந்து அந்த நூலை எடுத்துக் காட்டினார். "முடிச்சு என்னத்துக்கு?"

"மகன்மார் ரெண்டுபேரும் ஒண்டா இருந்து சாப்பிட்ட ஞாயிறுக்கு ஒரு முடிச்சு. அவையள் வெளிக்கிட்ட உடனை கயிற்றை எடுத்து முடிஞ்சு வைப்பார். இப்பவும் சண்டைதான், அண்ணை. நாணயம், தீவு, நாணயம், தீவு எண்டு எனக்குத் தலை சுத்தும். ஆனா மேசை ஒண்டு." கணவாயைப் பையில் போட்டாள். "அதுசரி, தேர்தல் கந்தோரிலை இருந்த மனிசன், நீங்கள் எப்பிடி அண்ணை ஒன்றரைச் சென்ரிமீற்றர் பிழைக்க விட்டனீங்கள்? கண்ணாடி மாத்தவேணுமோ?"

சொல்லிவிடலாம் போல இருந்தது. ஒரே ஒரு ஆளுக்காவது. ஆனால் செலஸ்ரீனாவின் வாயில் விழுந்த கதை ஞாயிறு பூசை முடியுமுன் மொண்டெல்லோ போய்ச் சேர்ந்துவிடும். அதோடு அது அவருடைய ரகசியமுமல்ல, இன்னொருவரின் வாக்கு.

"ஓம்" என்றார். "மாத்தத்தான் வேணும்."

செப்ரெம்பரில் மூன்று முடிச்சு வந்தது. இரண்டு ஞாயிறு சாரோ காய்ச்சலில் கிடந்தானாம். ஒக்ரோபரில் நாலு. நவம்பரில் நாலு, ஒரு ஞாயிறு நீனோவுக்கு வள்ளத்தில் பயணிகளாம். ஒவ்வொன்றையும் மேசையில் நீட்டி அளந்து, எண்ணி, எழுதி வைத்தார். ஒருநாள் தன்னுடைய ஞாயிறுகளுக்கும் ஒரு கயிறு எடுத்தார். எதற்கு முடிச்சுப் போடுவது என்று தெரியவில்லை. சுருட்டி மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டார்.

டிசம்பரில் வந்த கயிற்றிலும் நாலு இருந்தது. ஆனால் முடிச்சுகள் இறுகியிருக்கவில்லை. நகத்தால் தட்டினால் அவிழும் போலக் கிடந்தன. ஐம்பது வருடம் வலை பின்னிய கை அப்படி முடிச்சுப் போடாது. அருளையா அதைத் தொடாமல் உறைக்குள் வைத்தார்.

டிசம்பர் 15 அன்று செலஸ்ரீனா கீழ்க்கடைக்கு ரெலிபோன் எடுத்து, கிழவர் போய்விட்டார் என்றாள். மறுநாள் அடக்கம். அருளையா பஸ்ஸில் மொண்டெல்லோ போய்க் கோவிலின் கடைசி வாங்கடியில் நின்றார். பெட்டியின் முன்பக்கத்தை நீனோ ஒரு தோளிலும் சாரோ மறுதோளிலும் தூக்கி வந்தார்கள். இருவரும் அவரைக் கண்டார்கள். ஒருவரும் தலையசைக்கவில்லை. திரும்பும் பஸ்ஸில் யன்னலோரத்தில் இருந்தார். இந்த ஊரில் 'புரொபெஸ்ஸோரே' என்ற சொல் இனித் தனக்குரியதல்ல என்பதை அவர் அங்கேதான் விளங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு இன்னொரு உறை வந்தது. எழுத்து செலஸ்ரீனாவுடையதல்ல. உள்ளே மடித்த மாதிரி வாக்குச்சீட்டு ஒன்று, கந்தோர் முத்திரையோடு. அதற்குள் ஒரு கயிறு. எடுத்தவுடனேயே அருளையாவுக்குத் தெரிந்தது. அவர் யூன் 9 அன்று செய்த இடது நிரல் கயிறு. சின்னக் கடுதாசி ஒன்றில் இரண்டு விதமான கையெழுத்து இருந்தது.

மேலே: "அப்பாவின் தலையணை உறைக்குள் இருந்தது. இந்த மாதிரிச் சீட்டில் வைத்துப் பார்த்தோம். ஆறு சரியாக நாணயத்தின் நடுவில் விழுகிறது."

கீழே: "ஏழு சரியாகத் தீவின் நடுவில் விழுகிறது."

அதற்கும் கீழே இரண்டு பெயர்கள். மன்னிப்பும் இல்லை, வாருங்கள் என்ற வார்த்தையும் இல்லை.

அருளையா மேசையைத் துடைத்தார். சீட்டை விரித்தார். கயிற்றின் நுனியை மேல் விளிம்பில் வைத்துப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, கிழவர் செய்ததுபோல விரலால் எண்ணிப் போனார். ஆறு வந்தது. ஏழு வருமுன் விரல் எதிலோ தட்டியது. கண்ணைத் திறந்தார். ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே, அவர் போடாத ஒரு முடிச்சு இருந்தது. வேறொரு துண்டு நூலால் சுற்றிப் போட்ட வலைக்காரரின் முடிச்சு, கல்லுப் போல இறுகியது. கையில் பலம் இருந்த நாளில் போட்டது.

மர அடிமட்டத்தை எடுத்து அளந்தார். மேலே ஆறுவரை பதினைந்து மில்லிமீற்றர். கீழே ஏழுவரை பதினைந்து மில்லிமீற்றர். மூன்று தடவை அளந்தார். கயிற்றை மற்ற ஐந்தோடும் சேர்த்து வைத்துவிட்டு, கொப்பியின் கடைசிப் பக்கத்தைத் திறந்தார். இந்தத் தடவை எண்ண ஒன்றும் இருக்கவில்லை. கடைசிக் கடிதம் வந்த திகதியை மட்டும் எழுதினார்.

1999 டிசம்பர் 21, செவ்வாய்.